கடக்வாஸ்லாவில் ஒரு கல்யாணச் சதுரம்

கோயம்புத்தூரில் காலையில் ஏறியவள், ஒரு பகலையும் ஒரு இரவையும் இன்னொரு அரைப் பகலையும் குர்லா எக்ஸ்பிரஸின் ஜன்னலோரத்தில் கழித்துவிட்டுப் புனே ஸ்டேஷனில் இறங்கியபோது பிற்பகல் மூன்றரை மணி. வருடம் 2003, மாதம் பிப்ரவரி. சோலாப்பூர் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் விசாரணையை ஆரம்பித்திருந்தார்.

"தனியாவாங்க போறீங்க? புனேல என்ன சோலி?"

"ஆமைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறனுங்க" என்றேன்.

அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சொன்னது பொய்யில்லை. கோவையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். லோகோ என்று ஒரு நிரல்மொழி உண்டு, குழந்தைகளுக்காகச் செய்தது. திரையின் நடுவில் சின்ன முக்கோணமாக ஒரு ஆமை நிற்கும். ஐம்பது அடி முன்னே போ என்று தட்டினால் போகும். வலதுபக்கம் திரும்பு என்றால் திரும்பும். போன வழியெல்லாம் கோடு விழும். பேனாவைத் தூக்கு என்றால் கோடில்லாமல் நடக்கும். இதைத்தான் பத்து நாள் சொல்லிக்கொடுக்க வரச் சொல்லியிருந்தாள் சாந்தி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை, ஓவியர்களுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் கோவையில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்கு வந்து என்னிடம் ஒட்டிக்கொண்டவள் சாந்தி. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா புனேயை ஒட்டிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது புருஷனும் அங்கேயே. இவள் பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் கட்கி குவார்ட்டர்ஸ்தான். கடக்வாஸ்லா அணைக்குப் பக்கத்தில், பழங்குடி ஓவியம் கற்றுத்தரும் ஒரு தங்கும் பள்ளியில் ஓவிய ஆசிரியை. தானே மாவட்டத்து மலையூர்களிலிருந்து வார்லி இனத்துப் பெண்களும் பையன்களும் ஒரு வருடம் தங்கிப் படித்துவிட்டு, ஓவிய ஆசிரியர்களாகத் திரும்பிப் போகிற இடம் அது. செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவால் வெள்ளை வெள்ளையாக மனிதர்களை வரைவார்களே, இரண்டு முக்கோணத்தை முனைக்கு முனை நிறுத்தி மேலே ஒரு வட்டத்தை வைத்தால் ஆள் என்று, அவர்கள்தான்.

கூட்டிப்போக வந்திருந்த சாந்தியும் நானும் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தோம். புனே ஆட்டோவில் மீட்டர் ஒரு எண்ணைக் காட்டும்; டிரைவர் சட்டைப்பையில் இருக்கும் அட்டை அதற்கு வேறொரு எண்ணைச் சொல்லும்; அட்டை சொன்னதுதான் காசு. கட்கிக்கு முப்பத்தெட்டு ரூபாய். வழிநெடுக சாந்தி பேசிக்கொண்டே வந்தாள்.

"டென்சன் எடுத்துக்காதீங்கக்கா. பசங்க ஏக்தம் ஷார்ப்பு. ஒருதபா காமிச்சா போதும், பஸ்." புனேத் தமிழில் பஸ் என்றால் அவ்வளவுதான் என்று அர்த்தம்.

வீட்டில் அவளுடைய மகள் பிரியா, ஆறாவது படிப்பவள், தட்டோடு வந்து நின்றாள். "ஆன்ட்டி, உங்களுக்கு சப்பாத்தி போடட்டா, சாவல் போடட்டா?" தமிழில் கேட்டதாகத்தான் குழந்தையின் நினைப்பு. எனக்குச் சோறே போடு கண்ணு என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கட்கியிலிருந்து ஸ்வார்கேட்டுக்கு ஒரு பஸ், ஸ்வார்கேட்டிலிருந்து கடக்வாஸ்லாவுக்கு இன்னொன்று. இரண்டாவது பஸ் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் ஆகிறது. பிப்ரவரியிலும் காலைக்குளிர் காதைக் கிள்ளுகிறது. ஊர் முடிந்ததும் எதிரே சிம்மகட் மலை எழும்பி வரும். அப்புறம் ஒரு திருப்பத்தில் அணைத் தண்ணீர். அந்தக் கரையில் ராணுவ அகாடமி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அணிவகுப்புச் சத்தம் தண்ணீர் தாண்டிக் கேட்கும்.

பள்ளி என்றால் ஓட்டுக்கூரை போட்ட இரண்டு நீளக் கட்டடங்கள், ஒரு ஆலமரம், சாணி மெழுகிய ஒரு நீளச் சுவர். கம்ப்யூட்டர்கள் ஐந்து. ஹிஞ்சேவாடியில் ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனி கழித்துக்கட்டியவை. ஒன்றின் விசிறி அரைவை மில் போலச் சத்தம் போட்டது. அதன் முன்னால் போய் உட்கார்ந்தவள்தான் யமு.

யமுவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ஒல்லி. பேசுவதற்கு முன் ஒரு தடவை எதிராளியைப் பார்த்துக்கொள்வாள். பக்கத்தில் மங்கள், அவளுக்கு நேரெதிர்: கல்யாணமான பெண், கை நிறையப் பச்சை வளையல், வாய் ஓயாது. மொத்தம் பதினோரு பேர். அவர்கள் பேசியது மராத்தியும் வார்லியும் கலந்தது. எனக்குத் தெரிந்த இந்தி, ரயிலில் டீ வாங்கத்தான் போதும். ஆகவே நடுவில் சாந்தி. இங்கே அவர்கள் பேசுவதாக நான் எழுதுவதெல்லாம் சாந்தியின் வாய்வழியாக எனக்கு வந்த தமிழ்தான்.

முதல்நாளே சண்டை. திரை கறுப்பாக இருந்தது. "சுவரு இன்னா, கரி பிடிச்ச சுவரா? மண்ணு கலரு போடுங்க, அப்பத்தான் வரைவோம்" என்றாள் மங்கள். மண்ணின் நிறம் வரும்வரை எண்களை மாற்றி மாற்றித் தட்டி, ஒருவழியாகச் செம்மண் வந்ததும்தான் எல்லோரும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்கள்.

ஆமைக்குப் புதுச்சொல் கற்றுத்தரலாம் என்பதுதான் லோகோவில் அழகு. முக்கோணம் ஒன்று, தலைகீழ் முக்கோணம் ஒன்று, வட்டம் ஒன்று. இவற்றைச் சேர்த்து மாணூஸ் என்று பெயர் வைத்துவிட்டால் போதும். அதன்பிறகு மாணூஸ் என்று தட்டினால் ஆமை ஒரு மனிதனை வரையும். நான் பெருமையாக, கொஞ்சம் நடந்து கொஞ்சம் திரும்பி ஒரு மாணூஸ் என்று இருபத்துநான்கு தடவை செய்யச் சொன்னேன். சுரைக்காய் ஊதுகுழலை நடுவில் ஒருவர் ஊத, சுற்றி எல்லோரும் ஆடுவது அவர்களுடைய ஆட்டம். திரையில் வட்டமாக இருபத்துநான்கு ஆட்டக்காரர்கள் வந்து நின்றார்கள்.

யாரும் கைதட்டவில்லை. யமுதான் முதலில் சிரித்தாள். ஜன்னல் வழியாக அக்கரையைக் காட்டி ஏதோ சொன்னாள். அறையே குலுங்கிச் சிரித்தது.

"இன்னாவாம்?" என்று கேட்டேன், சாந்தியின் பேச்சே எனக்கும் தொற்றி.

"இவங்க ஆடல, அகாடமிக்காரங்க பரேட் பண்றாங்கன்றா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு வருட சர்வீஸ். சரி, ஒவ்வொரு ஆளும் கொஞ்சம் மாறி வர வேண்டும், அவ்வளவுதானே என்று, ஆமை தானே குலுக்கிப் போட்டு ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தேன். முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதற்கு யமு அந்த எண்ணை வைத்தாள். மறுபடி ஓட்டினாள். ஒருவன் குதித்தான், ஒருத்தி குனிந்தாள், ஒருவன் குடித்திருந்தான் போலிருந்தது. மங்கள் எழுந்து நின்று திரையைப் பார்த்து ஆடியே விட்டாள். அன்றைக்கு மதியம் பாக்ரி ரொட்டியும் பச்சைமிளகாய்த் தெச்சாவும் தின்று கண்ணில் நீர் வழிய நான் உட்கார்ந்திருந்தபோது, யமு கேட்காமலே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் என் செல்லம்.

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லெண்ணத்தில்தான். "உங்க ஊர்ல நீங்க எது நல்லா வரைவீங்களோ, அத ஆமைக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன். ஒருவன் மயில் என்றான். மங்கள் தேனடை என்றாள். யமுவுக்காகப் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான், "அவ கல்யாணச் சதுரம் வரைஞ்சா நாலு ஊரு வந்து பாக்கும்."

"அப்பறம் என்ன அம்மிணி, அதையே போடு!" என்றேன்.

யமு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து தண்ணீர்ப்பானைப் பக்கம் போனாள். மங்கள் அவள் பின்னாலேயே போனாள்.

சாயங்காலம் அணைக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சாந்தி சொன்னாள். தள்ளுவண்டியில் வெங்காய பஜ்ஜி வாங்கியிருந்தோம், தட்டு ஐந்து ரூபாய். வார்லிக் கல்யாணத்தில் வீட்டுச் சுவரில் ஒரு சதுரம் வரைவார்களாம். நாலாபக்கமும் வேலைப்பாடான கரை, சூரியன், சந்திரன், சீப்பு, ஏணி, நடுவில் அவர்களுடைய அம்மன். அது இல்லாமல் கல்யாணம் இல்லை. அதைச் சுமங்கலிகள்தான் வரைய வேண்டும்.

"யமு புருஷன் செங்கச் சூள வேலைக்குப் போன எடத்துல காய்ச்சல்ல போய்ட்டான்க்கா. நாலு வருசம் ஆவுது. அதுக்கு மின்ன அவ ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் அவதான் சதுரம் போடுவா. அப்பறம் ஒருத்தரும் கூப்புடல. இப்ப அவ தங்கச்சி சோனுவுக்குக் கல்யாணம், வர மாசம். தங்கச்சி கல்யாணத்துச் சதுரத்துல ஒரு கோடாவது தன்னோடதா இருக்கணும்னு அவளுக்கு உசுரு. யார்கிட்ட கேப்பா?"

பஜ்ஜித் தட்டை வண்டியிலேயே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. பொட்டை எடு என்றார்கள், எடுக்கவில்லை. அதில் மட்டும்தான் நான் ஜெயித்தது. மற்றபடி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "நீங்க உள்ள வந்து உக்காருங்க, காத்தாட இருக்கும்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இதையெல்லாம் சாந்தியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து, நிற்காமல் போயிற்று. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் நின்றோம்.

மறுநாள் மதியம் வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. இரண்டு மணி நேரம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆலமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தோம். அப்போதுதான் யமு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், ஆமைக்கு வரைன்னு சொல்றது, வரையறதா?"

பதினெட்டு வருடத்தில் ஒரு மாணவியும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் யோசிப்பதற்குள் மற்றவர்கள் புகுந்துவிட்டார்கள். சொல்வது வேறு, வரைவது வேறு என்றான் மயில் வரைந்த பையன். கொத்தனார் சொன்னால் கட்டியது சித்தாள்தானே என்றான். மங்கள் வேறு மாதிரி சொன்னாள்: பெண்கள் வரையும்போது பக்கத்தில் ஒருத்தி பாடுகிறாள், பாடுகிறவள் வரைகிறவளா? இன்னொருத்தி, எழுதி வைத்தால் மட்டும் படம் வராதே, நிரலை ஓட்டுகிற அந்தச் சாவியைத் தட்டினால்தானே வரும், தட்டுகிறவள்தான் வரைகிறவள் என்றாள்.

அந்தக் கடைசிப் பேச்சைத்தான் யமு பிடித்துக்கொண்டாள். கரண்ட் வந்ததும் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: இரண்டு வரி எழுதி ஓட்டிப் பார்ப்போம், தப்பைத் திருத்துவோம், மறுபடி ஓட்டுவோம். சமையல்காரி உப்புப் பார்க்கிற மாதிரி. யமு நான்கு நாள் எழுதினாள். ஒரு தடவைகூட ஓட்டவில்லை. ஓட்டினால் அவளே வரைந்ததாகிவிடுமே. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தன் தொடைமேல் கோடு போட்டுப் பார்ப்பாள், அப்புறம் ஒரு வரி தட்டுவாள். கரைக்கு ஒரு சொல், சீப்புக்கு ஒரு சொல், ஏணிக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று. ஒரு வேலை முடிந்ததும் பேனாவைத் தூக்கு, அடுத்த இடத்துக்கு நட, பேனாவை வை. இப்படிக் குருட்டாம்போக்கில் எழுதினால் பத்தாவது வரியிலேயே குட்டிச்சுவராகும் என்று எனக்கு உறுதி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய காரியம்.

எட்டாம் நாள் காலை யமு நாற்காலியை விட்டு எழுந்தாள். மங்களை உட்காரச் சொன்னாள். வளையல் குலுங்க மங்கள் சாவியைத் தட்டினாள்.

ஆமை கிளம்பியது. வெளிக்கரை நான்கு கோடு, அப்பழுக்கில்லை. உள்கரையின் வளைவு நெளிவு, சரி. சூரியன், சந்திரன், சீப்பு, ஏணி. கடைசியாக அம்மனுக்கு வந்தபோது பேனாவைத் தூக்கச் சொல்ல மறந்திருந்தாள். ஆமை அம்மன் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிட்டது. மங்கள் ஐயோ என்று அலறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யமு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த வரியில் எதைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னாள். மங்கள் தட்டினாள். இரண்டாம் தடவை அம்மன் முழுசாக வந்து உட்கார்ந்தாள். அத்தனை பெரிய நிரலில் ஒரே ஒரு தப்பு. என் பள்ளியிலே இப்படி ஒருத்தி இருந்தால் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியிருப்பேன். யமுவைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள்.

பத்தாம் நாள் கண்காட்சி. காலையிலிருந்தே ஊர்களிலிருந்து வீட்டுக்காரர்கள் வந்திறங்கினார்கள். யமுவின் அம்மா, கல்யாணப்பெண் சோனு, அவர்களோடு ராமி ஆத்யா. ஆத்யா என்றால் அத்தை, அப்பாவின் தங்கை. அந்த ஊரில் கல்யாணச் சதுரம் வரையும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. யார் கை வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்பது அவள் வாக்கு. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கட்டிய சேலை, கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை, யாரையும் நம்பாத கண். ஆடும் மனிதர்களைக் காட்டினோம், ம் என்றாள். மயிலைக் காட்டினோம், அதற்கும் ம்.

யமுவின் மெஷின் முன்னால் மங்கள் உட்கார்ந்து சாவியைத் தட்டினாள். யமு சுவரோரம் நின்றாள். ஆத்யா முதலில் சும்மா பார்த்தாள். சீப்பு வந்தது, அதன்பிறகு ஏணி வந்தது. ஆத்யா புகையிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"யாரு போட்டது?"

"நான்தான் ஆத்யா" என்றாள் மங்கள். "நான்தான் தட்டுனேன்."

"உங்க ஊர்ல ஏணி மொதல்ல, சீப்பு பின்ன. எங்க வீட்லதான் சீப்பு மொதல்ல. கரைய எடப்பக்கக் கீழ் மூலைலேந்து ஆரம்பிக்கறவ எங்க ஊர்லயே ஒருத்திதான்." அவள் திரும்பி யமுவைப் பார்த்தாள்.

முடிந்த படத்தைப் பார்த்தால் யார் கை என்று சொல்ல முடியாது. திரையிலோ கோடு ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே விழுகிறது. வரைகிறவளின் வழக்கம் அப்படியே தெரிந்துவிடுகிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. யாருமே யோசிக்கவில்லை.

"நான் தொடல ஆத்யா" என்றாள் யமு. "சொன்னேன். அவ்ளோதான்."

ஆத்யா என்னிடம் வந்தாள். "மெஷினு தெரிஞ்சவ நீதான். நீ சொல்லு. சொல்றது, வரையறதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் யமு தப்பித்துவிடுவாள். ஆனால் அந்த நான்கு நாள் உழைப்பு அவளுடையது இல்லை என்றாகிவிடும். சாவியைத் தட்டிய மங்களுடையது என்றாகிவிடும். ஆமாம் என்றால், தங்கை கல்யாணத்தில் வாசலைக்கூட மிதிக்கவிட மாட்டார்களோ என்னவோ. யமுவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"எங்க தொழில்ல எழுதுனவதான் வரைஞ்சவ. தட்டுனவ இல்ல. இது யமு வரைஞ்சது" என்றேன்.

சாந்தி அதை மராத்தியில் சொல்லவில்லை. "அக்கா, அத சொன்னா கத முடிஞ்சிது" என்று என் காதோரம் முணுமுணுத்தாள்.

"சொல்லு சாந்தி. இன்னொண்ணும் சொல்லு. எனக்கும் வீட்டுக்காரர் இல்ல. இவங்க பத்து நாளாக் கத்துக்கிட்டது முச்சூடும் என் கையிலிருந்து வந்துது. அதுவும் தீட்டான்னு கேளு."

சாந்தி இரண்டையும் சொன்னாள். ஆத்யா என் முகத்தை, நெற்றியை, பொட்டை மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க ஊர்ல பொட்டு வெச்சிக்க வுடுவாங்களா?"

"யாரும் விடுல. நானா வெச்சுக்கறேன்."

ஆத்யா களுக்கென்று சிரித்தாள். பல்லெல்லாம் புகையிலைக் கறை. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். கல்யாணப்பெண் சோனு மூலையில் ஒரு கையில் வடாபாவோடு, மெல்லுவதையே மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வரைஞ்சது வரைஞ்சாச்சு. தோ, பொண்ணு நல்லாத்தான் நிக்கிது, வடா துன்னுனு. வானம் இடிஞ்சி வுழல" என்றாள் ஆத்யா. அப்புறம் யமுவிடம்: "சுவத்துல கை வெக்கிறது சொமங்கலிதான். அத மாத்த நான் ஒருத்தி போதாது, ஊரு பொம்பளைங்க எல்லாம் ஒக்காரணும், அதுக்கு எத்தன வருசம் ஆவுமோ. ஆனா வாயால சொல்லக்கூடாதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னே யாருக்கும் தோணல. சோனு கல்யாணத்துக்குச் சுவத்துக்கிட்ட ஒக்காரு. நீ சொல்லு, நாங்க போடறோம்."

சொன்னதுதான் வரைந்தது என்று நான் அடித்துச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைக் கேட்டுக்கொண்டுதான் ஆத்யா இதைச் சொன்னாள். தெரிந்தே சொன்னாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மிளகாய் எதுவும் தின்னாமலே.

யமுவின் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்தாள். ஆத்யா அதட்டினாள், "அழுவறத வுட்டு மாவு கரை. இப்பவே பாத்துடலாம், இவளுக்குச் சொல்ல வருதான்னு."

மதியம் மூன்று மணிக்கு அந்த நீளச் சுவருக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள். மூங்கில் குச்சியின் முனையை மென்று தூரிகையாக்கி அரிசிமாவில் தோய்த்தார்கள். ஒரு கை தள்ளி யமு. முதலில் அவள் குரல் அணைத் தண்ணீர்ச் சத்தத்திலேயே அமுங்கிப் போயிற்று.

"கீழ் மூலைலேந்து... நாலு முழம் மேல. நில்லு. சோத்துக்கைப் பக்கம் திரும்பு."

பாதிக் கரை வந்தபோது அவள் அம்மா ஒரு நெளிவை அகலமாகப் போட்டுவிட்டாள். யமுவின் கை தானாகவே சுவருக்குப் பாய்ந்தது. எல்லோரும் அப்படியே உறைந்தார்கள்.

"கைய மடியில வெய்யி" என்றாள் ஆத்யா, திரும்பாமலே. "வாயத் தொற."

மங்கள் சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், யமுவும்தான், கையைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு. "அத்த அழிச்சிட்டுப் போடும்மா, அர வெரலுக்கு மேல போவாத!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு ஆலமரத்துக் காக்கை பறந்தது.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன், பாதிதானே கிடைத்தது, கோபம் வரவில்லையா என்று. எனக்கு வந்திருந்தது. யமு யோசித்துச் சொன்னாள். "தெனம் கோவம் வரும் டீச்சர். ஆனா கல்யாணத்தன்னிக்கி நான் உள்ள இருக்க மாட்டேன், சுவத்துக்கிட்ட இருப்பேன்."

மறுநாள் புனே ஸ்டேஷன். சாந்தி தயிர்சாதமும், வழியில் கொறிக்க ஒரு பொட்டலம் பாக்கர்வடியும் கொடுத்தாள். பிரியா, "ஆன்ட்டி, திரும்ப கப் வருவீங்க?" என்றாள். கப் என்றால் எப்போது என்று இதற்குள் எனக்கே தெரிந்திருந்தது. ரயில் நகர்ந்தது. சோலாப்பூர் வரைக்கும் எங்கள் ஊர்க்காரர்களை நினைத்து உள்ளுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், செல்போன் வைத்திருப்பவர்கள். ஒரு இடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து அதன் வழியே ஒருத்தியை உள்ளே விட்ட ராமி ஆத்யாவின் சாமர்த்தியம் எங்களில் யாருக்கு இருக்கிறது? திட்டிக்கொண்டே வந்தவளுக்குக் குண்டக்கல்லில் ஒன்று தோன்றியது. அந்த இடுக்கை ஆத்யாவாகத் தேடவில்லை. யமு போய் அதில் உட்கார்ந்துகொண்ட பிறகுதான் அவள் கண்ணில் அது பட்டது.

சித்திரையில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். கோவையில் மண்டபம். விடிகாலையில் மேடைக்கு முன்னால் ஐந்தாறு பெண்கள் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி ஓடிவந்தாள். "அண்ணி, நீங்க உள்ள வந்து உக்காருங்க, காத்தாட இருக்கும்."

"இங்கயே காத்து நல்லா வருது" என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி முறைத்தாள். நன்றாக முறைத்துக்கொள்ளட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்த மூணாவது புள்ளி கொஞ்சம் தள்ளிப் போச்சு கண்ணு" என்றேன். "அழிச்சுட்டு, ஒரு விரக்கடை இந்தப் பக்கம் வை."

கோலம் போட்ட பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் புள்ளியைப் புறங்கையால் துடைத்துவிட்டு, நான் சொன்ன இடத்தில் வைத்தாள்.